ஷாப்பு முற்றத்தில் கேட்ட கேள்வி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும்தான் போனேன். சின்ன ரகரமும் பெரிய றகரமும் எனக்கு எப்போதும் இடம் மாறிப்போகும். நாலு பேர் கூடின இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவன் நான். எழுதும்போது எதிரில் யாரும் இல்லை என்பதால்தான் துணிந்தேன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஜெர்மன் சண்டை முடிந்து, தோல் விலை படுத்துக் கிடந்த காலம். ஆம்பூரில் பாலாற்றங்கரை ஓரமாக இருந்த தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் எனக்கு வேலை. ஆவாரம்பட்டைக் கிடங்கைப் பார்த்துக்கொள்வேன். என் அக்காவும் அதே ஷாப்பில்தான் தோல் அலசுகிற வேலை செய்தாள்.

ஜவ்வு என்று ஒன்று உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் களைந்து, சாய்வான மரத்தில் போட்டு, வளைந்த கத்தியால் உள்பக்கத்தைச் சுரண்டுவார்கள். அப்போது வெள்ளையாக வழவழவென்று கழிந்து விழுவதுதான் ஜவ்வு. ஷாப்புக்கு அது குப்பை. ஆனால் தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிறவர்களுக்கு அதுதான் சரக்கு. எங்கள் பெண்கள் அதை அள்ளிக்கொண்டு போய் ஆற்று மணலில் காயவைப்பார்கள். காய்ந்ததை வண்டிக்காரன் வந்து எடை போட்டு வாங்கிப் போவான்.

இது எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. என் அம்மா அள்ளினாள், அவளுடைய மாமியாரும் அள்ளினாளாம். எந்த மரத்து ஜவ்வு யாருக்கு என்பதைப் பெண்களே பேசி வைத்திருந்தார்கள். ஒருத்தி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தால் அவள் பங்கை மற்றவர்கள் அள்ளிக் காயவைத்துக் கொடுப்பார்கள். புதிதாக வேலைக்கு வந்தவள் ஒரு மழைக்காலம் முடிகிறவரை கை வைக்கக் கூடாது. இதிலெல்லாம் முதலாளியையோ மேஸ்திரியையோ யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர்களும் வாய் கொடுத்ததில்லை.

அக்கா சின்ன வயசிலேயே தாலி அறுத்தவள். கூலி சோற்றுக்குச் சரியாகப் போய்விடும். அவளுக்கு ஒரே மகள். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். மேலே படிக்கவைத்து, வேலூர் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்த்துவிட வேண்டும் என்று அக்காவுக்கு ஒரு வெறி. அந்தப் படிப்புக்கு இருந்த ஒரே வழி இந்த ஜவ்வுதான். மணலில் பரப்பி வைத்துவிட்டு என்னைக் காவலுக்குக் கூப்பிடுவாள். "என் பொண்ணு படிப்பு அங்க காயுது, காக்கா தூக்கிட்டுப் போவாம பாத்துக்கோடா" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்த வக்கீல் வந்தார். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். ஒல்லியான ஆள், கையில் எப்போதும் குடை. பி.எல். முடித்துவிட்டு வேலூரில் ஒரு பெரிய வக்கீலிடம் இருந்தார். அதற்கும் மேலே எம்.எல். என்று ஒரு படிப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். எங்கள் முதலாளிக்கு அந்தப் பெரிய வக்கீல் வேண்டியவர். அதனால் முதலாளி என்னைக் கூப்பிட்டு, நீ எழுதப் படிக்கத் தெரிந்தவன், இவரை ஷாப்பு முழுக்கச் சுற்றிக் காட்டு என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அவர் என்னை நீங்கள் என்றே பேசினார். சுண்ணாம்புக் குழிப் பக்கம் போனபோது கைக்குட்டையை எடுத்தார். என்னைப் பார்த்ததும் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். அதில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

தன் படிப்பைப் பற்றி அவரே சொன்னார். முன் பரீட்சைகளில் புஸ்தகத்தில் உள்ளதை ஒப்பித்தால் போதுமாம். இதில் ஒரு விஷயத்தைத் தானே எடுத்துக்கொண்டு, தானே ஆராய்ந்து எழுத வேண்டுமாம். அவர் எடுத்துக்கொண்டது மாமூல். எழுத்தில் இல்லாமல், ஜனங்கள் தலைமுறையாக நடத்திவருகிற வழக்கத்தைக் கோர்ட்டு எப்போது சட்டம் மாதிரி ஒப்புக்கொள்ளும் என்பது. பழைய தீர்ப்புகளையெல்லாம் படித்துவிட்டாராம். பட்டணத்தில் இருந்த அவருடைய உபாத்தியாயர், இதெல்லாம் செத்துப்போன மாமூல், உயிரோடு ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினாராம்.

"தீர்ப்புப் புஸ்தகத்தை எப்படிப் புரட்டறதுன்னு எனக்குத் தெரியும். மனுஷங்ககிட்ட எப்படிக் கேட்கறதுன்னு யாரும் சொல்லித் தரலை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கும் அன்று தெரியாது, எனக்கும் தெரியாது.

ஜவ்வு விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதுதான் நான் தேடினது என்றார். அதை முதலாளியிடமும் சொன்னார். முதலாளி நல்ல மனுஷர். என் மச்சான், அக்கா புருஷன், செத்தபோது பெட்டிக்கும் குழிக்கும் கொடுத்தவர் அவர்தான். விருந்தாளிக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று, மத்தியானச் சோற்று வேளையில் முற்றத்தில் ஜமக்காளம் விரித்து, ஆபீஸ் நாற்காலியைக் கொண்டுவந்து போடச் சொன்னார். எல்லாருக்கும் சர்பத் கலக்கச் சொன்னார். பெண்களை வரிசையாக உட்காரவைத்துவிட்டு, அவரும் பக்கத்திலேயே மரியாதையாக நின்றுகொண்டார்.

வக்கீல் பேனாவைத் திறந்தார். எடுத்த எடுப்பிலேயே, இந்த ஜவ்வை முதலாளிதானே உங்களுக்கு எடுத்துக்கொள்ள விடுகிறார், என்று கேட்டார்.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். யாராவது பதில் சொல்லியாக வேண்டும். வயசில் மூத்தவள் என்பதால் எல்லாரும் என் அக்காவைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ஆமாங்க. எல்லாம் சாயபு பெரிய மனசு. அவர் போடற சோறுதான் நாங்க துண்றது" என்றாள்.

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். முதலாளி கூச்சத்தோடு, அட இன்னாம்மா, எல்லாம் அல்லா கொடுக்கிறது என்று தலையை ஆட்டினார். வக்கீல் மளமளவென்று எழுதினார். அவள் சொன்னபடி எழுதவில்லை. கோர்ட்டுத் தமிழில் எழுதிப் படித்துக் காட்டினார். மேற்படி கழிவை முதலாளியவர்களின் அனுமதியின் பேரிலும் தயவின் பேரிலும் தாங்கள் அடைந்து வருவதாக, என்று போயிற்று. அவர்களுக்கு அதில் பாதி புரியவில்லை. மரியாதையாக இருந்ததால் திருப்திதான். ஆளுக்கு ஒரு ரேகை வைத்தார்கள். சர்பத் குடித்தார்கள். அரை மணியில் முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக வேலை முடியும் என்று நினைக்கவில்லை என்று வக்கீல் என்னிடம் சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனார்.

அவர் போனதும் பெண்கள் அவர் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி வாயாடி. அவளுக்கு யாரையும் கேலி செய்யாமல் சோறு இறங்காது.

"இன்னாடி இது, ஜவ்வப் பத்திப் பரீட்சை எழுதப் போறாராம். பாஸ் பண்ணா நம்ம கூட வந்து சொரண்டுவாரா?"

"சொரண்டட்டும். உன் மரத்த அவருக்கு வுட்டுக் கொடு."

"அய்ய, புதுசா வந்தவரு ஒரு மழ பாக்கணும். அதுக்கு அப்பறந்தான் கை வெக்கலாம்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் நான் அக்காவைக் கேட்டேன். சாயபு எப்போதிலிருந்து நமக்கு ஜவ்வு கொடுக்க ஆரம்பித்தார் என்று விளையாட்டாகக் கேட்டேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். எதிரில் அவர் நிற்கிறார், வேறு என்ன சொல்வார்கள், வீட்டுக்கு வந்தவரிடம் இது என்னுது என்று எவளாவது சொல்வாளா என்றாள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய மனுஷர் முன்னால் நின்றால் உடம்பில் போட்டிருக்கிற சட்டையைக்கூட அவர் தயவு என்றுதான் சொல்வோம். சொல்கிறவனும் அதை அப்படியே நினைக்க மாட்டான், கேட்கிறவரும் நினைக்க மாட்டார். நானும் சிரித்துவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

ஆறேழு மாதம் போயிருக்கும். வியாபாரம் இன்னும் மோசமாயிற்று. முதலாளி பட்டணத்திலிருந்து பணம் போட ஒரு பங்காளியைச் சேர்த்துக்கொண்டார். அந்த ஆள் வந்த நாளாக ஷாப்பில் எதைப் பார்த்தாலும் இதற்கு என்ன விலை என்பதே பேச்சு. ஒரு காலையில் மேஸ்திரி வந்து, அடுத்த மாதத்திலிருந்து ஜவ்வு முழுக்க ஒரு குத்தகைக்காரனுக்கு, யாரும் தொடக் கூடாது என்று சொன்னான். பெண்கள் முதலாளியிடம் ஓடினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, என் கையில் இப்ப ஒன்றும் இல்லையம்மா என்று உள்ளே போய்விட்டார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது என்று வாயாடி சொன்னாள். அவள் பொய் சொல்கிறவள் அல்ல.

அக்கா அன்று வேலை முழுக்கச் செய்தாள். வீட்டுக்கு வந்ததும் மகளுடைய பள்ளிக்கூடத்துப் பாவாடையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அந்த வக்கீல் ஞாபகம் வந்தது. மறுநாள் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். காட்பாடியில் இறங்கி, வறண்டு கிடந்த ஆற்றைத் தாண்டி நடந்தே வேலூர் போனேன். பெரிய வக்கீல் வீட்டு வாசலில் கட்சிக்காரர்கள் கூட்டம். உள்ளே போகக் கூச்சப்பட்டு எதிர்ச் சாரியிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவரே என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அழைத்துப் போனார்.

விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். விடக் கூடாது, இது பாத்தியதை, வழக்குப் போடலாம், பெரியவரிடம் நான் சொல்கிறேன், பீஸ் வேண்டாம் என்று வேகமாகப் பேசிக்கொண்டே அலமாரியிலிருந்து அன்று எழுதின காகிதத்தை எடுத்தார். படித்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு மெதுவாக எனக்கு விளக்கினார். மாமூல் என்று கோர்ட்டு ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அது நீண்ட நாளாக, விடாமல் நடந்திருக்க வேண்டும். அதோடு, ஒருவருடைய அனுமதியைக் கேட்டு நடந்ததாக இருக்கக் கூடாது. தனக்கு உள்ளது என்று நினைத்து எடுத்திருக்க வேண்டும். அனுமதி என்றால் அது தயவு. தயவை இன்று கொடுத்து நாளைக்கு நிறுத்தலாம். அதைக் கேட்க யாருக்கும் பாத்தியதை இல்லை.

நான், அவள் சும்மா மரியாதைக்குச் சொன்னாள் ஐயா என்றேன்.

தெரியும் என்றார் அவர். பட்டணத்து உபாத்தியாயர் இந்தக் காகிதத்தைப் பார்த்ததுமே பிடித்துக் கடிந்துகொண்டாராம். முதலாளி நிற்கிற இடத்தில் முதலாளியைப் பற்றிக் கேட்டது ஒரு தப்பு. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது ஒரு தப்பு. எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டால் முதலில் பேசுகிறவர் சொல்வதுதான் எல்லார் பதிலும். வழக்கம் என்ன என்று கேட்காமல், இன்ன நாளில் என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். அவர்கள் வாயில் வந்ததை அப்படியே எழுதாமல், அனுமதி என்ற சொல்லை இவராகப் போட்டது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. திரும்பப் போய் முதலிலிருந்து கேள் என்று சொல்லியிருந்தாராம். பரீட்சைக்கு நாள் இருக்கிறதே என்று இவர் தள்ளிப்போட்டு வந்திருக்கிறார்.

"நான் அன்னிக்கு கேட்டது கேள்வியே இல்லை" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தார். கோயில் ஆராதனை முடிந்து எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரம். இந்தத் தடவை ஷாப்புப் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு வீடாகத் தனித்தனியாகப் போனார். கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் உட்கார்ந்துகொண்டார். கொடுத்த தண்ணீரைக் குடித்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னார். நான் இருந்தால் எனக்குப் பிடித்ததைச் சொல்வார்கள் என்றார். எனக்கு முதலில் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு அதுவும் சரி என்று பட்டது. ஜவ்வு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லையாம். உங்கள் பிள்ளை பிறந்தபோது வேலையை யார் பார்த்தார்கள் என்று ஆரம்பிப்பாராம். பேச்சு தானாக அங்கே வந்து சேரும். அவர்கள் சொன்ன சொல்லையே எழுதிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் ஒரு பழைய கதை வெளியே வந்தது. சுரண்டுகிறவர்களில் வயசான ஒருவர் சொன்னார். எங்கள் முதலாளியின் தகப்பனார் காலத்தில் ஒரு மேஸ்திரி, ஜவ்வு அள்ளக் கூடாது என்று பெண்களை மறித்து வாசலைச் சாத்தினானாம். ஆண்கள் எல்லாரும் கத்தியை மரத்தின் மேல் வைத்துவிட்டுக் கை கட்டி நின்றார்களாம். குழியில் தோல் ஊறிக் கெட்டுப்போகிற நிலை. பெரிய முதலாளி வந்து, அது அவங்க சொத்து, உனக்கு இன்னா என்று மேஸ்திரியைத்தான் ஏசினாராம். வேறு இரண்டு வீட்டிலும் இதையே, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், சொன்னார்கள்.

வக்கீல் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இது போதும் என்றார். ஆனால் முற்றத்தில் அன்று சொன்னதை முதலாளியும் கேட்டிருக்கிறார். கோர்ட்டில் கேட்டால் அவர் பொய் சொல்ல மாட்டார், நானும் சொல்ல முடியாது. அதனால் முதலில் பேசின உங்கள் அக்கா, அன்று மரியாதைக்காகச் சொன்னேன், உள்ளது இதுதான் என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும் என்றார்.

அக்கா வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். அவள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் மூலையில் படித்துக்கொண்டிருந்தாள். வக்கீல் எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். தப்பு தன்னுடையது, அவளுடையது இல்லை என்றும் சொன்னார். அக்கா முழுக்கக் கேட்டாள்.

"அன்னிக்கு ரேகை வெச்சது யாருங்க?" என்றாள்.

"நீங்கதாம்மா. ஆனா நான் கேட்ட விதம்தான் தப்பு."

"நீங்க எப்படிக் கேட்டாலும் சொன்னது என் வாய்தானே."

பசி வந்தால் இந்த மரியாதை சோறு போடுமா என்று நான் குறுக்கே கேட்டேன். என் வாழ்நாளில் அவளை எதிர்த்துப் பேசினது அந்த ஒரு தடவைதான். அவள் கோபப்படவில்லை.

"அந்த மனுஷன் மூஞ்சிய நேராப் பாத்து, நீ ஒண்ணும் கொடுக்கல, நானாத்தான் எடுத்தேன்னு சொல்லணுமாடா? என் ஊட்டுக்காரரக் குழியில எறக்கும்போது கூட நின்னவருடா அவரு. பங்காளி மூஞ்சின்னா காறித் துப்பிட்டு வருவேன். இவரப் பாத்து எனக்கு வாய் வராது."

ஜவ்வு வேறு, பெட்டிக்குக் கொடுத்தது வேறு அம்மா, சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது என்று வக்கீல் சொன்னார்.

"சட்டம் பாக்காதுங்க. நான் பாக்கறேன்" என்றாள்.

மகள் புஸ்தகத்தை மூடிவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய படிப்பைப் பற்றித்தான் பேச்சு என்று அவளுக்குத் தெரியும். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா வரவில்லை என்று தெரிந்ததும் மற்ற பெண்களும் பின்வாங்கினார்கள். அவளை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் சொன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்கினதாகும் என்றார்கள். வாயாடி மட்டும் வரத் தயாராக இருந்தாள். ஒருத்தியை வைத்துக்கொண்டு வழக்கு நடத்த முடியாது என்று பெரிய வக்கீல் கையை விரித்துவிட்டார்.

அடுத்த மாதம் குத்தகைக்காரனுடைய ஆட்கள் வந்து ஜவ்வை வண்டியில் வாரிக்கொண்டு போனார்கள். அலசுகிற துறையிலிருந்து பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கேலி பேசவில்லை. அந்த வருஷம் முடிகிறதற்குள் என் அக்கா மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, குடியாத்தத்து ஆள் ஒருவன் கொண்டுவந்து போட்ட பீடி இலையை வெட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னால் முடிந்ததைக் கொடுத்துப் பார்த்தேன். எனக்கும் நாலு பிள்ளைகள். இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. பிறகு அவளை லத்தேரி பக்கம் கட்டிக் கொடுத்தோம். நல்ல இடம்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வேலூர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகும்போதெல்லாம் வெள்ளைச் சேலை கட்டின பெண்கள் குடை பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவார்கள். நான் நின்று பார்க்க மாட்டேன். வேகமாக நடந்து போய்விடுவேன்.

வக்கீலை நான் அப்புறம் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். சில வருஷம் கழித்துக் காட்பாடி ஸ்டேஷனில். அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. எம்.எல். பாஸாகிவிட்டாராம். பட்டணத்தில் சட்டம் சொல்லிக் கொடுக்கிறாராம். நான் சந்தோஷம் என்றேன். எங்கள் ஜவ்வு விஷயம் அதில் வந்ததா என்றும் கேட்டேன்.

இல்லை என்றார். முதலில் சொன்னதை எழுதினால் அது பொய். இரண்டாவது சொன்னதை எழுதினால், சொன்னவர்களே அதைக் கோர்ட்டில் சொல்ல மறுத்துவிட்டார்கள். அவர்கள் சம்மதமில்லாமல் எழுத எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பாகத்தையே எடுத்துவிட்டேன் என்றார். புதிதாக எம்.எல். படிக்க வருகிறவர்களுக்கு முதல் நாள், புஸ்தகம் எதையும் திறப்பதற்கு முன்னால், அந்த முற்றத்தையும் நாற்காலியையும் சர்பத்தையும் சொல்கிறாராம். ஊரும் பேரும் சொல்வதில்லையாம். ஒரு தடவை தப்பாகக் கேட்டுவிட்டால், திரும்பச் சரியாகக் கேட்க இடம் இருக்காது, அந்த இடமே மாறிவிடும் என்று சொல்கிறாராம்.

வண்டி வரும் மணி அடித்தார்கள். அவர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு திரும்பக் கீழே வைத்தார்.

"நான் கத்துக்கிட்டேன். அவங்க இழந்துட்டாங்க" என்றார்.

அதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவரும் அப்போது படிக்கிற பிள்ளைதானே, வேண்டுமென்றா செய்தார். ஆனால் எனக்கு எப்போதும் போல வாய் வரவில்லை. கும்பிட்டுவிட்டு நின்றேன். அவர் ஏறிப் போய்விட்டார்.

போன ஐப்பசி அடைமழையில் என் அக்கா காலமாகிவிட்டாள். முதலாளி அதற்கு முன்னாலேயே போய்விட்டார். அவள் இருக்கிற வரைக்கும் இதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் சொல்ல மாட்டேன் என்றதை நான் ஊருக்குச் சொன்னதாக ஆகிவிடும். இப்போது சொல்கிறேன். அந்த ஜவ்வை எங்கள் பெண்களுக்கு யாரும் கொடுக்கவில்லை, அது அவர்களுடையதாகவே இருந்தது. இதை ஒரு காகிதத்தில் ஒரு தடவையாவது எழுதிவிட்டேன். ஆனால் எழுதி முடித்த பிறகும் மனசு லேசாகவில்லை, ஏனென்றால் இது யாருக்கு உதவ வேண்டுமோ அந்தப் பெண் இன்று லத்தேரியில் தன் பிள்ளைகளுக்குச் சோறு வைத்துக்கொண்டிருப்பாள், அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அன்றைக்கு அக்கா வீட்டில் இருந்த நான் உள்பட.

ஆம்பூர், 1935 ஜனவரி 31, வியாழக்கிழமை.